செத்த தோல்

மகளுக்கு 12 வயது. போன மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அவள் கழுத்துச் சால்வையைக் கண்ணுக்குக் கீழ்வரை இழுத்துச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ரெக்ஸ்டேலில் அன்று குளிர் அப்படி. நான் வேறொன்றும் நினைக்கவில்லை. மாலையில் வீட்டுக்குள் வந்த பிறகும் சால்வை கழரவில்லை. சாப்பாட்டு மேசையில் அதைக் கொஞ்சம் விலக்கி, கோப்பைக்கு மேல் குனிந்தபடியே சாப்பிட்டாள்.

"என்ன பிள்ளை முகத்தில?"

"ஒண்டுமில்லையப்பா."

என் அம்மாதான் கையை நீட்டிச் சால்வையை இறக்கினார். இரண்டு கன்னமும் மூக்கின் ஓரங்களும் வெந்துபோயிருந்தன. எங்களுடைய நிறத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரிவதில்லை. செங்கல்லும் ஊதாவும் கலந்த ஒரு நிறமாகத் தெரியும். வாயோரத்தில் தோல் வெங்காயச் சருகு போல எழும்பி நின்றது. என்ன பூசினாய் என்று மனைவி நாலு தரம் கேட்ட பிறகு, என்னைப் பார்த்தபடி பதில் வந்தது.

"அப்பாட போத்தல்தான்."

அப்படி ஒரு போத்தல் இருப்பது அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். குளியலறை அலுமாரியில், சவர நுரைக்கும் பழைய தைலப் போத்தலுக்கும் பின்னால் அதை வைத்திருந்தேன். 10 வீதக் கிளைக்கோலிக் அமிலம். ஒன்றரை வருடமாக, கிழமையில் மூன்று இரவு, எல்லாரும் படுத்த பிறகு பஞ்சில் தொட்டு நெற்றியிலும் கண்ணோரத்திலும் தடவிக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கிழமையாக ஒவ்வொரு இரவும் பூசியிருக்கிறாள். போதாதற்குச் சினேகிதி ஒருத்தி பிறந்தநாளுக்குக் கொடுத்த இன்னொரு அமிலத்தையும் அதற்கு மேல்.

குடும்ப வைத்தியர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். வெறும் வசலின், வெளியே போகும்போது சூரியக் கதிருக்கு எதிரான கிறீம், வேறொன்றும் வேண்டாம். புண் ஆறிவிடும், ஆனால் ஆறிய இடம் கறுக்கும், அந்தக் கறுப்புப் போக மாதக் கணக்காகும் என்றார். எங்களைப் போன்ற தோலில் எரிச்சல் வந்த இடமெல்லாம் நிறத்தை அதிகமாகச் சுரந்து வைத்துவிட்டுத்தான் போகும். வெளிச்சமாக வேண்டும் என்று பூசியவளுக்கு அது நல்ல பரிசு.

அன்றிரவு நான் தயார்செய்து வைத்திருந்த வசனம் ஒன்றுதான். "இது உன்ர வயசுக்குரியதில்லை." அவள் யோசிக்கக்கூட இல்லை. "அப்ப உங்கட வயசுக்கு ஏன்?"

இரசாயன ரீதியாக அதற்குப் பதில் சொல்வது இலகு. தோலின் ஆக வெளியே இருப்பது செத்த செல்களின் அடுக்கு. பதினைந்து இருபது தட்டு இருக்கும், எல்லாம் சேர்ந்தும் ஒரு தாளின் தடிப்பு வராது. அடியில் பிறக்கும் செல் மெல்ல மேலே ஏறி, ஏறும் வழியில் செத்து, கொஞ்சக் காலம் நின்று, உதிர்ந்துபோகிறது. இளவயதில் இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய நாலு கிழமை. வயது ஏற ஏற அது நீளும். உதிர வேண்டியது உதிராமல் நிற்க, முகம் மங்கும். அமிலம் செய்வது, நின்று தாமதிக்கும் அந்தச் செல்களுக்கு இடையிலுள்ள பிணைப்பைத் தளர்த்தி விடுவது. ஆகவே 46 வயதுக்காரனுக்கு அதில் ஏதோ வேலை இருக்கிறது. 12 வயதில் உடம்பு அந்த வேலையைத் தானே ஓட்டமாகச் செய்துகொண்டிருக்கிறது. அமிலத்துக்கு அங்கே எடுப்பதற்கு ஒன்றுமில்லை, எடுக்கக்கூடாததைத் தவிர.

அம்மா வியாழக்கிழமைகளில் பழப்புளி போட்டுக் குத்துவிளக்கு மினுக்குவார். புளியில் இருப்பது தார்த்தாரிக் அமிலம். கரும்புச் சாற்றில் இருக்கும் கிளைக்கோலிக்கும், 1780இல் கார்ல் ஷீலே என்பவர் புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்த லக்ரிக்கும் அதே குடும்பம்தான். விளக்கு பளிச்சிடுவது அழுக்குப் போவதால் மட்டுமல்ல. பித்தளையின் மேல் படிந்த கறை கரைந்து, அடியிலிருக்கும் புது உலோகம் வெளியே வருவதால். வியாழனுக்கு வியாழன் விளக்கு ஒரு மயிரிழை தேய்கிறது. அம்மாவின் தாயார் கொடுத்த அந்த விளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்துக்கு இப்போது சொண்டு மழுங்கிவிட்டது. அதற்காக அம்மா மினுக்குவதை நிறுத்தப்போவதில்லை.

ஆனால் தோல் விளக்கல்ல. விளம்பரங்களில் 'செத்த செல்களை அகற்றுங்கள்' என்று வரும்போது அது எனக்கு எப்போதும் துப்புரவு வேலை போலவே கேட்டது. செத்தது எதற்கு, அகற்று. கொஞ்சம் வாசித்த பிறகுதான் விளங்கியது, வேலை செய்வதே அந்தச் செத்த அடுக்குதான் என்று. உடம்பின் ஈரத்தை உள்ளே வைத்திருப்பது அது. கிருமியையும் தூசியையும் வாசலில் நிறுத்துவது அது. உயிரோடிருக்கும் செல்கள் அதற்குக் கீழே பத்திரமாக இருக்கின்றன. செத்தவர்கள் அடுக்கடுக்காக நின்று உயிரோடிருப்பவர்களைக் காக்கிறார்கள் என்று எழுதினால் எங்கள் ஊர்க்காரருக்கு வேறு அர்த்தம் வந்துவிடும்; அதை விடுவோம்.

இந்த அமிலங்கள் அழகுக்கென்று வந்தவையல்ல. மீன் செதில் போலத் தோல் தடித்து, உதிராமலே நின்றுவிடும் இக்தியோசிஸ் என்ற நோய்க்காரருக்கு இவை உதவுகின்றன என்று 1974இல் யூஜின் வான் ஸ்கொட் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியரும் ருவெய் யூ என்ற இரசாயனவியலாளரும் எழுதினார்கள். தோல் உதிராததால் துன்பப்பட்ட மனிதர்களுக்கு அது மருந்து. பிறகுதான் ஒரு துன்பமும் இல்லாத தோல்களுக்கு அது சரக்கானது. கனடாவில் ஹெல்த் கனடா வீட்டுப் பாவனைக்கு 10 வீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை, பி.எச். அளவு 3.5க்குக் கீழே இறங்கவும் கூடாது. என் போத்தல் அந்த எல்லையின் விளிம்பில் நின்றது. பூசிய தோலை வெயில் இலகுவில் சுடும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பொடி எழுத்தில் இருந்தது. வாசிப்புக் கண்ணாடி போடாமல் என்னால் அதைப் படிக்க முடியவில்லை. வயதை மறைக்க வாங்கிய போத்தல்.

சிறுபிள்ளைகளின் கைக்கு இது போவது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. 2024இல் சுவீடனில் அப்போத்தெக் யார்ட்டாட் என்ற மருந்துக்கடைத் தொடர், அமிலம், வைற்றமின் ஏ போன்றவை சேர்ந்த பூச்சுகளை 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதமில்லாமல் விற்பதில்லை என்று முடிவெடுத்தது. அதே வருடம் கலிபோர்னியாவில் 13 வயதுக்குட்பட்டோருக்கு முதுமை எதிர்ப்புப் பூச்சுகள் விற்பதைத் தடுக்க ஒரு சட்டமூலம் வந்து, நிறைவேறாமல் போனது. 2025இல் நோர்த்வெஸ்ரேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்களை 13 வயதுப் பிள்ளைகளாகப் பதிவுசெய்துகொண்டு, ரிக்ரொக்கில் 7 முதல் 18 வயது வரையான பெண்பிள்ளைகள் போட்ட 100 முகப்பூச்சு வீடியோக்களைப் பார்த்தார்கள். சராசரியாக ஒரு பிள்ளை ஆறு பூச்சுப் பூசுகிறாள். மாதம் 168 அமெரிக்க டொலர் செலவு. பகலுக்கென்று காட்டிய பூச்சு வரிசைகளில் 26 வீதத்தில்தான் வெயிலுக்கான கிறீம் இருந்தது. தோலைச் சீவிவிட்டு வெயிலில் நடக்கச் சொல்வது போல.

வயதெல்லை போடுவது நல்லதுதான். ஆனால் சட்டம் பதில் சொல்வது எந்த வயதில் என்ற கேள்விக்கு மட்டும். அதுவும் அவ்வளவு நேர்த்தியான பதில் அல்ல: 15 வயதில் முகமெல்லாம் பரு வெடித்து, வகுப்பில் தலை நிமிராமல் இருக்கும் பிள்ளைக்குச் சலிசிலிக் அமிலம் சரியான மருந்து, அது எண்ணெயில் கரைந்து துவாரத்துக்குள் இறங்கும். அந்தப் பிள்ளையையும் என் மகளையும் ஒரே வரிசையில் நிறுத்த முடியாது. என் மகள் கேட்டதும் எந்த வயதில் என்றல்ல. ஏன் என்று.

நான் ஏன் பூசினேன்? ஒப்பந்த வேலைக்காரன் நான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் படித்து, பிரித்தானியாவில் முதுகலைப் பட்டம் வாங்கி, இங்கே வந்து பதினாறு வருடமாக மற்றவர்களின் கொம்பனிகளில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று இருந்து எழும்பியிருக்கிறேன். 2020க்குப் பிறகு நேர்முகம் எல்லாம் திரையில். முன்பு மற்றவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். இப்போது மூலையில் ஒரு சிறு பெட்டிக்குள் என் முகம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருமுறை, என் மகனாக இருக்கக்கூடிய வயதில் ஒருவர், இந்தப் புதிய கருவிகள் எல்லாம் உங்களுக்கு வசதிப்படுமா என்று மிக மரியாதையாகக் கேட்டார். அந்த வேலை கிடைக்கவில்லை. முகத்தால்தான் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அந்தக் கிழமை போத்தல் வாங்கினேன்.

ஆகவே பயம். அவளுக்கும் பயம்தான். வித்தியாசம் என்னவென்றால் என் பயத்துக்கு ஒரு விலாசம் இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது. அவள் இன்னும் வாழாத ஒரு வயதைப் பற்றி, யாரோ தந்த பயத்தைத் தன்னுடையது என்று நினைத்து வைத்திருக்கிறாள். "சுருக்கம் வராமலிருக்க இப்பவே தொடங்கோணுமாம்" என்றாள். 12 வயதில்.

அது மட்டுமென்றால் வீடியோக்களைத் திட்டிவிட்டு இருந்துவிடலாம். இரண்டு நாள் கழித்து, மனைவி தலை வாரிவிடும்போது, மற்றதையும் சொன்னாள். சுருக்கத்தைவிட நிறம்தான் முக்கியமாக இருந்திருக்கிறது. பூசினால் 'பிரைட்' ஆகும் என்று போட்டிருந்ததாம். பிரைட் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் சரியாகவே விளங்கிக்கொண்டாள். எங்கள் கலியாண வீடுகளில் வளர்ந்த பிள்ளைக்கு விளங்காதா? ஒவ்வொரு கோடை விடுமுறை முடிவிலும் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடைக்கும் முதல் வரவேற்பு "என்ன, இப்பிடிக் கறுத்துப்போனாய்" என்பதுதான். அக்கறையாகச் சொல்வார்கள், காய்ச்சலா என்று கேட்பது போல. நானும் சொல்லியிருக்கிறேன்.

அல்பியன் வீதியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு அழகுசாதனக் கடை இருக்கிறது. சோமாலியப் பெண்கள், கரீபியன் பெண்கள், பஞ்சாபிப் பெண்கள், எங்களவர்கள் எல்லாரும் வருவார்கள். உலகத்தின் பாதித் தோல் நிறங்கள் அந்தக் கடைக்குள் ஒரே நேரத்தில் நிற்கும்; ஒரு முழுத் தட்டு நிறைய வெளுக்க வைக்கும் கிறீம்கள். இந்தியாவில் 1975இல் வந்த 'ஃபெயார் அண்ட் லவ்லி' 2020இல் பெயரை 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. வெள்ளை என்ற சொல் போய் ஒளி என்ற சொல் வந்தது. நான் வாங்கிய போத்தலிலும் ஒளி என்றுதான் இருந்தது.

எங்கள் ஊரில் இதற்குப் போத்தல் தேவைப்படவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரம் கண்ணில் தட்டுப்படாது. பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம், பயத்தம்மாவில் முகம் கழுவினோம். அந்த நாட்களில் என் மச்சாள் ஒருத்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. நல்ல கறுப்பி, நல்ல அழகி. யார் சொன்னார்களோ, ஒரு கிழமையாகத் தேசிக்காயைப் பாதியாக வெட்டி முகத்தில் தேய்த்துவிட்டு, வெயிலில் தண்ணீர் அள்ளப் போயிருக்கிறாள். தேசிக்காய்ச் சாறு பட்ட தோல் வெயிலில் வேகும் என்பது பிறகு நான் படித்தறிந்தது. அந்த வேலையைச் செய்வது அதிலிருக்கும் அமிலம்கூட அல்ல, தோலில் வெயிலின் கடுமையைக் கூட்டிவிடும் வேறு பொருட்கள். கன்னத்தில் கொப்புளம் போட்டு, பிறகு கருந்திட்டாக நின்றது. வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பதில் வரவில்லை. அவளுக்கு வேறு இடத்தில் கலியாணம் நடந்தது, சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். ஆனால் மகளின் முகத்தில் சால்வை இறங்கியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கிணற்றடிதான். முப்பது வருடம் கழித்து, எட்டாயிரம் மைலுக்கு மேல் தள்ளி, அதே கன்னம்.

மனைவி இந்தக் கட்டுரையின் முதல் பிரதியைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப தலைமயிருக்கு மை பூசிறவை எல்லாம் பாவியளோ? நீங்கள் ஏன் சவரம் செய்யிறீங்கள்?" நியாயம். மற்றவர் கண்ணுக்காகச் செய்வதெல்லாம் பிழை என்றால் தலை வாருவதும் பிழை. பொட்டு வைப்பது சேர்ப்பது, அமிலம் பூசுவது எடுப்பது, அதுதான் வித்தியாசம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நகம் வெட்டும்போது அந்த வாதம் போய்விட்டது. திரும்பி வருமா வராதா என்று பார்த்தேன். தோல் திரும்பி வரும். அதுவும் போய்விட்டது.

என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான், அதுவும் என் தொழிலிலிருந்து வந்தது. ஒப்பந்த வேலைச் சந்தையில் ஒருவன் கட்டணத்தைக் குறைத்தால் அவனுக்கு வேலை கிடைக்கும். எல்லாரும் குறைத்தால் எல்லாருக்கும் கூலி போகும். முகமும் அப்படித்தான். நான் என் நெற்றியை மழித்து 40 வயது போலத் திரையில் உட்கார்ந்தால், பக்கத்துப் பெட்டியில் பூசாமல் உட்கார்ந்திருக்கும் 46 வயதுக்காரன் 55 ஆகிறான். நான் ஏமாற்றுவது அந்த இளைஞனை அல்ல, அந்தப் பக்கத்துப் பெட்டிக்காரனை. நாற்பது வயதின் சாதாரண முகம் எப்படியிருக்கும் என்பதை எல்லாருமாகச் சேர்ந்து உலகத்திலிருந்து அழித்துக்கொண்டிருக்கிறோம். சாதாரண முகம் ஒன்றையும் காணாமல் வளரும் பிள்ளை, தன்னுடைய 12 வயது முகத்தையே திருத்த வேண்டிய முகம் என்று நினைத்தால், அதற்குப் போத்தலை விற்ற கடை மட்டுமா பொறுப்பு? நான் ஒளித்து வைத்துப் பூசியதால் அவள் படித்தது அமிலம் பூசுவதை அல்ல. முகத்தில் வயது இருப்பது வெட்கம் என்பதை. ஒளிக்கும் பொருளைப் பிள்ளைகள் எப்படியும் தேடி எடுத்துவிடுவார்கள். ஒளித்ததற்கான காரணத்தையும் கூடவே எடுத்துக்கொள்வார்கள்.

போத்தலை எறிந்துவிட்டேன் என்று எழுதினால் கட்டுரை நன்றாக முடியும். எறியவில்லை. அலுமாரியின் முன்வரிசைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். எப்போதாவது பூசுகிறேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. ஏன் என்று மகளுக்குச் சொன்னேன்: அந்த நேர்முகத்தை, அந்த மரியாதையான கேள்வியை, எனக்கு வந்த பயத்தை. தகப்பனுக்கு வேலையில்லாமல் போகக்கூடும் என்பது ஒரு பிள்ளைக்குச் சொல்லக்கூடிய விஷயமா என்று தெரியாமலே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பூசினாப் பிறகு வேலை கிடைச்சதா?" என்றாள். கிடைத்தது. அதையும் மறைக்கவில்லை. அது என் வாதத்துக்கு உதவாது என்பது எனக்கும் தெரியும்.

எங்கள் குளியலறையில் மூன்று வயது இருக்கிறது. மூன்றாவது அம்மா, 78. அவருடைய தோல் இப்போது ஊறவைத்த பப்படம் போல. தோலின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றையொன்று கவ்விப் பிடிப்பது முதுமையில் தளர்ந்துவிடும். பங்குனியில், இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு கையில் ஒட்டியிருந்த பிளாஸ்ரரை நான் சாதாரணமாக இழுத்தேன். தோலும் சேர்ந்து வந்தது. அம்மா ஒரு சத்தமும் போடவில்லை. அந்த இடம் ஆறுவதற்கு ஐந்து கிழமை எடுத்தது. நாலு கிழமையில் மகளின் கன்னம் புதுத்தோல் போட்டுவிட்டது, கருந்திட்டு மட்டும் மிச்சம்.

அம்மாவுக்குக் குதிக்காலில் பித்தவெடிப்பு. இங்கே குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி ஓட ஓட அது பிளந்து இரத்தம் வரும். நடக்கும்போது விளிம்பில் ஊன்றி நடப்பார். மருந்துக்கடைக்காரர் ஒரு கிறீம் தந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அதைப் பூசிவிடுவது மகளின் வேலை, அவளாகவே எடுத்துக்கொண்டது. இப்போது எந்தப் போத்தலைக் கண்டாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசிக்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. போன கிழமை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். யூரியா, அதற்கு அடுத்ததாக லக்ரிக் அமிலம்.

"அப்பம்மா, இதிலயும் அசிட் இருக்கு."

அம்மா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கட்டும் பிள்ளை. வலி குறையுது. கால்தானே, ஆர் பாக்கப் போயினம்?"

மகள் மற்றக் காலையும் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.